சிலம்பக் கூடத்துச் சொற்கள்

1786இல் பினாங்கு ஆங்கிலேயர் வசமானபின் குடியேறிய தமிழரோடு சிலம்பமும் இங்கு வந்தது. மலாய்த் தற்காப்புக் கலையான 'சிலாட்' அதனின்று பிறந்ததென மேடைதோறும் கேட்கிறோம். முதலெழுத்து ஒத்திருப்பது சான்றாகாது. மொழியியல் பயின்ற நாம் இதற்குக் கைதட்ட இயலாது. சிலம்பத்தின் பெருமைக்கு அது வேண்டுவதும் இல்லை.

கூடத்தில் வழங்கும் சொற்களே போதிய வரலாறு கூறும். ஆட்டத்தைத் தொடங்கும் வணக்கம் 'சலாம் வரிசை'. வரிசை தமிழ், சலாம் அரபு. வணிகரும் படைவீரரும் கலந்து வாழ்ந்த காலத்தின் தடம் அது. அவ்வரபுச் சொல் மலாயிலும் வழங்கக் காண்கிறோம். 'காலடி', 'வீடு கட்டுதல்', 'குத்துவரிசை' என்பன உடலால் கற்கப்படுவன. ஆசான் கம்பை நீட்டிச் சொல்லும்போதே பொருள் விளங்கிவிடும். தமிழ்ப்பள்ளிக்குச் செல்லாத பிள்ளைக்கும் அவ்வாறே.

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. போட்டிக்குப் புள்ளியும் நேரக்கணக்கும் வேண்டியவையே. ஆயின், கம்பால் தொட்டுப் புள்ளி பெற உதவாத அடிவரிசைகள் கைவிடப்பட்டால் அவற்றின் பெயர்களும் உடன் மறையும். முதிய ஆசான்கள் உள்ளபோதே அப்பெயர்களைக் கேட்டு, அடிவைப்பின் விளக்கத்தோடு எழுதிவைக்குமாறு ஆசிரியர்களையும் மாணவர்களையும் வேண்டுகிறோம்.