ஆட்ட நெரிசலும் காயத்தின் விலையும்: கொச்சிக் கால்பந்தின் ஐம்பதாண்டுகள்

2024 டிசம்பரில் ஹைதராபாத்தில் நடந்த, மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபி கால்பந்துப் போட்டியின் இறுதிச் சுற்றில் கேரள அணி களமிறங்கிய தேதிகளை வரிசையாக எழுதிப் பார்க்கலாம்: 15, 17, 19, 22, 24, 27, 29, 31. பதினேழு நாட்களில் எட்டு ஆட்டங்கள். கோவாவை 4–3 என்று வென்று தொடங்கிய அணி, தமிழ்நாட்டுடன் 1–1 என்று சமன் செய்தது. அரையிறுதியில் மணிப்பூரை 5–1 என்று வீழ்த்தியது. ஆண்டின் கடைசி நாளில், தொண்ணூறு நிமிடம் கடந்தபின் மேற்கு வங்கம் போட்ட ஒரே கோலில் கோப்பையை இழந்தது. அந்தக் கோலுக்குக் களைப்புதான் காரணம் என்று யாரும் நிறுவ முடியாது. ஆனால் எட்டு ஆட்டங்களுக்கு இடைப்பட்ட ஏழு இடைவெளிகளில் ஐந்து, இரண்டே நாள் கொண்டவை. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே குறைந்தது 72 மணி நேர ஓய்வு வேண்டும் என்பதில் கருத்தொற்றுமை ஏற்பட்டதாக ஃபிஃபா 2025 ஜூலையில்தான் அறிவித்தது. ஐரோப்பிய நட்சத்திரங்களை முன்வைத்து உலகம் இன்று விவாதிக்கும் ஆட்ட நெரிசல், கேரளக் கால்பந்தில் தலைமுறை தலைமுறையாக வழக்கத்தில் இருப்பது. இந்த ஐம்பதாண்டுகளில் மாறியது வேறொன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆட்டத் தேதியைக் குறிப்பவரும், அடிபட்ட காலுக்குச் செலவு செய்பவரும் ஒரு காலத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருந்தார்கள். படிப்படியாக வெகுதூரம் விலகிவிட்டார்கள். நெரிசலின் கொடுமை ஆட்டங்களின் எண்ணிக்கையைவிட இந்தத் தூரத்தில்தான் கூடுதலாகத் தங்கியிருக்கிறது.

1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் ரயில்வே அணியை 3–2 என்று வென்று கேரளம் முதல்முறை சந்தோஷ் டிராபியைக் கைப்பற்றியது. மூன்று கோல்களையும் போட்டவர் கேப்டன் டி.கே.எஸ். மணி. அவர் ஃபாக்ட் உரத் தொழிற்சாலையின் ஆட்டக்காரர். துணைக் கேப்டன் டி.ஏ. ஜாஃபர் ஃபோர்ட் கொச்சியில் ஆடி வளர்ந்தவர். ஃபாக்ட் அணிக்கும், பிறகு களமசேரி பிரீமியர் டயர்ஸ் அணிக்கும் ஆடியவர். 1992, 1993 ஆண்டுகளில் கேரளம் மீண்டும் கோப்பை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர். ஃபெடரேஷன் கோப்பையின் முதல் போட்டி 1977இல் எர்ணாகுளத்தில் நடந்தபோது மோகன் பகானை இறுதியாட்டத்தில் வென்றதும் பெங்களூரின் ஐ.டி.ஐ. என்ற தொழிற்சாலை அணிதான். அன்றைய ஆட்டக்காரர் முதலில் ஓர் ஊழியர். மாதச் சம்பளம், மருத்துவ வசதி, ஓய்வூதியம் எல்லாம் அந்த வேலையோடு வந்தவை. முழங்கால் போனால் ஆட்டம் போகும். அலுவலக நாற்காலி போகாது. எந்தப் போட்டிக்கு அணியை அனுப்புவது என்று முடிவு செய்த நிர்வாகமே, அங்கே அடிபட்டுத் திரும்பியவரின் விடுப்புக்கும் சம்பளம் கொடுத்தது. அணியை ஓயாமல் ஆடவிட்டால் இழப்பு நிர்வாகத்துக்கே என்பதால் அதற்குள் ஒரு கட்டுப்பாடு தானாக இருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தென்மேற்குப் பருவமழை ஆண்டில் நான்கு மாதம் மைதானங்களை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய மாதங்களில் கோப்பைப் போட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். தசை கிழிந்த காலுக்குத் தைலம் தேய்த்துக் கட்டுப்போட்டு மறுநாள் இறக்கிவிடும் பழக்கம் சாதாரணமாக இருந்தது. வேலை கிடைத்ததும் மிகத் திறமையான சிலருக்குத்தான். இந்திய அணியின் கேப்டனாக இருந்த வி.பி. சத்யன் கேரளக் காவல்துறையிலும் பிறகு சென்னையில் இந்தியன் வங்கியிலும் பணியாற்றியவர். கால் காயங்களின் வலியைச் சுமந்துகொண்டே ஆடியவர். உத்தியோகம் வருமானத்தைக் காத்ததே தவிரக் காலைக் காக்கவில்லை. ஆனாலும் காயத்தின் விலை ஆட்டக்காரரின் குடும்பத்தின் தலையில் முழுதாக இறங்காமல் அது தடுத்தது.

அந்தப் பாதுகாப்புக்கு வெளியே வளர்ந்தது செவன்ஸ். மலபாரில் வேரூன்றிய இந்த ஏழுபேர் ஆட்டம், மழை விட்டபின் தொடங்கி அடுத்த மழை வரை ஓடும். அறுவடை முடிந்த வயலிலும் பள்ளி மைதானத்திலும் கமுகு மரத்தாலும் மூங்கிலாலும் கேலரி எழும்பும். விளக்கொளியில் இரவுதோறும் ஆட்டம். பருவம் சூடுபிடித்துவிட்டால் ஒரே ஆட்டக்காரர் அடுத்தடுத்த இரவுகளில் வெவ்வேறு ஊர்களில் இறங்குவார். கூலி ஆட்டக் கணக்கில். கால் வீங்கினால் அன்றிரவுக் கூலி இல்லை. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் ஆட்டக்காரர்களுக்கு ஊரில் உறவும் இல்லை. கால் உடைந்து முடங்கிய அப்படி ஓர் ஆட்டக்காரரைச் சுற்றித்தான் 2018இல் வந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ என்ற மலையாளப் படத்தின் கதை அமைந்தது. படத்தில் அவரைத் தாங்கிப் பிடிப்பது அணி மேலாளரின் வீடும் அந்த வீட்டுத் தாயும். எந்த நிறுவனமும் இல்லை. கேரளத்துக்கு அந்தப் படம் இத்தனை பிடித்துப்போனதற்குக் காரணம் அது காட்டிய அன்பு. அந்த அன்பு இல்லாத வீட்டில் அவர் கதி என்ன என்ற கேள்வியையும் நாம் சேர்த்தே கேட்டிருக்க வேண்டும்.

கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு இந்தக் கூலி முறை புதிதல்ல. கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்ற முறை நடப்பில் இருந்தது. வேலைக்காகக் கூடி நிற்கும் கூட்டத்துக்கு நடுவே ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளை வீசுவார். முண்டியடித்து, மண்ணில் விழுந்து, பக்கத்து ஆளின் கையை மிதித்து ஒரு வில்லையைப் பற்றியவருக்கு அன்று வேலை உண்டு. சரக்கு மூட்டை இடுப்பில் விழுந்தால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார். இதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று பேர் இறந்தார்கள். பிற்பாடு துறைமுகத் தொழிலாளர் வாரியம் வந்து வேலையை முறைப்படுத்தியது. ஓர் உடல் எப்போது, எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அந்த உடலுக்கு நேரும் சேதத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அந்தப் போராட்டத்தின் சாரம். கால்பந்துக் காயத்தை மருத்துவப் பிரச்சினையாக மட்டும் பார்க்கும் இன்றைய பேச்சில் இந்தச் சாரம் காணாமல் போயிருக்கிறது.

தொழில்முறைக் கால்பந்து கொச்சிக்கு முதலில் வந்தது எஃப்.சி. கொச்சின் வடிவில். 1997இல் தொடங்கிய அதே ஆண்டு மோகன் பகானை வென்று டூரண்ட் கோப்பையைக் கேரளத்துக்குக் கொண்டுவந்த முதல் கிளப் அது. ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, தமிழ்நாட்டின் ராமன் விஜயன் என்று பெரிய பெயர்கள். சில ஆண்டுகளிலேயே பணம் வற்றிக் கிளப் மூடப்பட்டது. நிறுவன வேலைக்குப் பதில் ஒப்பந்தம் என்ற மாற்றம் அப்போதே நடந்துவிட்டது.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தபோது அட்டவணை தொலைக்காட்சியின் கைக்குப் போனது. 2014 அக்டோபர் 12 முதல் டிசம்பர் 20 வரை, எழுபது நாட்களில் 61 ஆட்டங்கள். கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸ் மட்டும் 17 ஆட்டங்கள் ஆடியது. சராசரியாக நான்கு நாளுக்கு ஒன்று, குவாஹாத்திக்கும் கொச்சிக்குமான தூரங்களில் பறந்தபடி. டிசம்பர் 13 அன்று கலூர் மைதானத்தில் சென்னையின் எஃப்.சி.யை 3–0 என்று வென்ற அணி, 16 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் அந்த மூன்று கோல் முன்னிலையையும் இழந்து, கூடுதல் நேரம் வரை இழுபட்டு, 117ஆம் நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலால் தப்பியது. அந்த 120 நிமிடம் முடிந்த நான்காம் நாள் நவி மும்பையில் இறுதியாட்டம். ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணியின் முகமது ரஃபீக் போட்ட கோலில் தோல்வி. 2016இலும் இதே கதை: டிசம்பர் 14 அன்று டெல்லியில் 120 நிமிடமும் பெனால்டியும், 18 அன்று கொச்சியில் மறுபடி 120 நிமிடமும் பெனால்டியும். அந்த இறுதியாட்டத்தின் முதல் பாதியிலேயே கேப்டன் ஆரன் ஹியூஸ் காயத்தோடு வெளியேறினார். பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குள் லீக்கை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஆட்டத்தின் தேவையிலிருந்து பிறந்ததல்ல. ஒளிபரப்பு, விளம்பரம், விழாக்காலம் ஆகியவற்றின் தேவை அது. கொரோனா காலத்தில் கோவாவின் மூடிய வளையத்துக்குள் லீக் நடந்தபோதும் அதே தர்க்கம் நீடித்தது. 2022 ஜனவரியில் தொற்றால் பதினெட்டு நாள் ஆட்டமே இல்லாமல் அடைந்து கிடந்த பிளாஸ்டர்ஸ், ஜனவரி 30 முதல் மார்ச் 20 இறுதியாட்டம் வரை ஏழு வாரங்களில் 12 ஆட்டங்கள் ஆடியது.

தேசிய அணியின் நிலை இன்னும் சிக்கலானது. 2023 ஜூன் 9 முதல் ஜூலை 4 வரை, புவனேசுவரத்திலும் பெங்களூரிலுமாக 26 நாட்களில் இந்தியா ஒன்பது ஆட்டங்கள் ஆடியது. கடைசி இரண்டும் 120 நிமிடம் நீண்டவை. ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை, செப்டம்பர் 7இல் தாய்லாந்தில் கிங்ஸ் கோப்பை. மலப்புறத்துக்காரரான ஆஷிக் குருணியன் அங்கே ஈராக்குக்கு எதிராக ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்து, அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். செப்டம்பர் 19இல் ஆசிய விளையாட்டின் முதல் ஆட்டம். 21இல் லீக் தொடக்கம். ஆசிய விளையாட்டு ஃபிஃபா நாட்காட்டியில் இல்லை. நாட்காட்டியில் உள்ள தேதிகளில் தேசிய அணிக்காக ஆடி அடிபடுபவருக்காக, 28 நாளுக்கு மேல் நீளும் காயமாக இருந்தால் ஃபிஃபா கிளப்புக்கு ஈடு தரும். நாட்காட்டிக்கு வெளியே அந்தக் காப்பு கிடையாது. கிளப்புகள் முக்கிய வீரர்களை விட மறுத்தன. ஆட்டத்துக்கு ஒரு நாள் முன்புதான் ஹாங்சௌ போய் இறங்கிய இந்திய அணி, சீனாவிடம் 5–1 என்று தோற்றது. இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் பிளாஸ்டர்ஸின் கே.பி. ராகுல். கிளப்புகளைத் தேசப்பற்று அற்றவை என்று அப்போது பலர் திட்டினார்கள். கணக்கு எளியது: காயத்தின் விலை தன் தலையில் விழும் என்று தெரிந்தவர் கதவைச் சாத்துகிறார். கிளப்புக்கு இருக்கும் அந்தச் சாத்தும் உரிமை ஆட்டக்காரருக்கு இல்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். ஐரோப்பிய வீரர்கள் ஆண்டுக்கு அறுபது, எழுபது ஆட்டங்கள் ஆடும்போது இந்திய லீக்கின் இருபது சொச்சம் ஆட்டங்களை நெரிசல் என்பதா? 2020–21இல் ஸ்பெயினின் பெத்ரி கிளப்புக்கும் நாட்டுக்குமாக 73 ஆட்டங்கள் ஆடியது உண்மை. ஆனால் உடல் ஆண்டுக் கணக்குப் பார்ப்பதில்லை. 2010இல் வெளியான துபோன் குழுவினரின் ஆய்வு, சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய ஒரு கிளப்பை இரண்டு பருவம் கவனித்தது. வாரம் ஓர் ஆட்டம் ஆடியபோது ஆயிரம் மணி நேரத்துக்கு 4.1 ஆக இருந்த காய விகிதம், வாரம் இரண்டு ஆடியபோது 25.6 ஆனது. அதே வீரர்கள் ஓடிய தூரமும் வேகமும் குறையவில்லை. கேலரியில் இருப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பது இதன் பொருள். ஸ்வீடனின் யான் எக்ஸ்ட்ராண்ட் குழு 2002 உலகக் கோப்பையை ஆராய்ந்தபோது, எதிர்பார்ப்புக்குக் கீழே ஆடியவர்கள் அதற்கு முந்தைய பத்து வாரங்களில் சராசரியாக 12.5 ஆட்டங்களும், எதிர்பார்ப்பை விஞ்சியவர்கள் 9 ஆட்டங்களும் ஆடியிருந்தார்கள். 2014இல் பிளாஸ்டர்ஸ் பத்து வாரத்துக்குள் ஆடியது 17 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. பிரெஞ்சுக் கிளப் ஒன்று 26 நாட்களில் எட்டு ஆட்டங்கள் ஆடியதை ஆராய்ந்த கார்லிங் குழுவினர், காய விகிதம் குறிப்பிடும்படி கூடவில்லை என்று 2012இல் எழுதினார்கள். இதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஆனால் அது வீரர்களை மாற்றி மாற்றி இறக்கப் போதிய ஆட்களும் மருத்துவக் குழுவும் உள்ள உயர்மட்டக் கிளப். அந்த வசதி இருந்தால் நெரிசலைச் சமாளிக்கலாம் என்றுதான் அந்த முடிவு சொல்கிறது. பதினேழு நாளில் எட்டு ஆட்டம் ஆடிய மாநில அணிக்கு அதை எடுத்துக்காட்ட முடியாது. எல்லாக் காயத்தையும் அட்டவணையின் கணக்கில் எழுதுவதும் தவறு. 2023–24இல் பிளாஸ்டர்ஸ் 12 ஆட்டங்களில் 26 புள்ளியோடு முதலிடத்தில் இருந்தது. அட்ரியான் லூனா முழங்கால் காயத்தால் டிசம்பரில் விலகினார், க்வாமே பெப்ராவும் கோல்கீப்பர் சச்சின் சுரேஷும் அடுத்தடுத்து வீழ்ந்தார்கள். எஞ்சிய பத்து ஆட்டங்களில் கிடைத்தது ஏழே புள்ளி. சச்சினின் தோள் காயம் போன்றவை எந்த அட்டவணையிலும் நேரக்கூடியவை. நெரிசல் தனியாகத் தெரிவது பின்தொடைத் தசைக் காயங்களில்தான். ஐரோப்பிய உயர்மட்டக் கிளப்புகளில் மொத்தக் காயங்களில் அவற்றின் பங்கு 2001–02இல் 12 சதவீதமாக இருந்து, இருபது ஆண்டுகளில் 24 சதவீதமானது.

வலுவான மறுப்பு வேறு. 2025 ஜூலையில் ஒளிபரப்பு, வணிக உரிமைச் சிக்கலால் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. மாதக்கணக்கில் வீரர்கள் ஆட்டமின்றித் தவித்தார்கள். 2026 பிப்ரவரி 14 அன்றுதான், கிளப்புக்கு 13 ஆட்டம் என்ற சுருங்கிய வடிவில் அது தொடங்கியது. ஆட்டமே இல்லாத நாட்டில் ஆட்ட நெரிசலைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று தோன்றலாம். எனக்கு இரண்டும் ஒரே நோயாகவே படுகின்றன. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, போதிய தயாரிப்பின்றிப் போட்டிக்குள் இறங்கும் தசை, ஓயாமல் ஆடிய தசையைப் போலவே எளிதில் கிழியும். வறட்சியையும் வெள்ளத்தையும் தீர்மானிக்கும் மேசையில் ஆட்டக்காரருக்கு இடமில்லை. பைச்சுங் பூட்டியா முன்னின்று 2006இல் தொடங்கிய இந்திய கால்பந்து வீரர்கள் சங்கம் இருக்கிறது. சர்வதேச வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2024 அக்டோபரில் ஐரோப்பிய லீக்குகளோடு சேர்ந்து ஃபிஃபாவின் நாட்காட்டிக்கு எதிராக ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டதையும் நாம் பார்த்தோம். இங்கே அத்தகைய பேச்சுவார்த்தையை மாநில அளவிலேயே தொடங்க முடியும். 2024இல் சூப்பர் லீக் கேரளா செப்டம்பர் 7 முதல் நவம்பர் 10 வரை 33 ஆட்டங்களை நடத்தியது; ஃபோர்சா கொச்சி அணி இறுதியாட்டத்தில் காலிகட் அணியிடம் தோற்றது. பத்தே நாளில், நவம்பர் 20, 22, 24 தேதிகளில், கோழிக்கோட்டில் சந்தோஷ் டிராபி தகுதிச் சுற்று. கேரள அணியில் பலர் சூப்பர் லீக்கிலிருந்து வந்தவர்கள். இவற்றில் சூப்பர் லீக்கின் நாட்காட்டியை எழுதுபவர்களாவது இதே மாநிலத்தில் இருக்கிறார்கள். 72 மணி நேர இடைவெளியை ஒப்பந்தத்தில் எழுதுவது, அதை மீறி நடத்தும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நடத்துபவரே காய நிதியில் பணம் கட்டுவது, ஒப்பந்தம் முடிந்தபின்னும் காயம் ஆறும்வரை சிகிச்சைச் செலவை ஏற்பது, காயங்களை ஆட்டத் தேதிகளோடு சேர்த்துப் பதிந்து ஆண்டுதோறும் வெளியிடுவது ஆகிய நான்கையும், அடுத்த பருவத்தின் தேதிகள் அச்சாகும் முன்பே, வீரர் சங்கத்தையும் உட்காரவைத்து முடிவு செய்ய வேண்டும்.