மீன் தொட்டியில் பாசியா? நத்தை வாங்கும் முன் உங்க வீட்டுத் தண்ணியை ஒருமுறை பாருங்க!

கண்ணாடி முழுக்கப் பச்சையாகப் பாசி. ஸ்பாஞ்ச் போட்டுத் தேய்த்தாலும் ஒரே வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. வீட்டில் சின்ன மீன் தொட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த தொல்லைதான் இது. கடையில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "ரெண்டு நத்தை விடுங்க, அதுவே சாப்பிட்டுடும்."

மண்ணூர்பேட்டை, அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். பாடியைத் தாண்டினால் வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூர். மீன், செடி, நத்தை எல்லாமே அங்கே கிடைக்கும். ஆனால் வாங்கி வந்த நத்தை சில மாதங்களிலேயே ஓடு வெளுத்து, குழி விழுந்து செத்துப் போகிறதா? நத்தையைக் குறை சொல்லும் முன் தொட்டியில் எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கேன் தண்ணீர் ஏன் ஆகாது?

நம்ம பக்கத்து வீடுகளில் பொதுவாக மூன்று வகைத் தண்ணீர் புழங்குகிறது. மோட்டார் போட்டு ஏற்றும் போர் தண்ணீர், மெட்ரோ வாட்டர், குடிக்க வாங்கும் கேன் தண்ணீர். "நாம குடிக்கிற நல்ல தண்ணியையே மீனுக்கும் ஊற்றுவோம்" என்று பலர் தொட்டியைக் கேன் தண்ணீரால் நிரப்புகிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் நத்தைக்கு அதுவே வினை.

நத்தையின் ஓடு பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஓட்டை வளர்க்கவும், தேய்ந்த இடத்தைச் சரிசெய்யவும் அதற்குக் கால்சியம் வேண்டும். உணவிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், தண்ணீரிலிருந்தும் உறிஞ்சும். கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ. முறையில் சுத்திகரிக்கப்பட்டது. அந்த முறையில் உப்புகளோடு சேர்ந்து கால்சியமும் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, அப்படிப்பட்ட தண்ணீரில் அமிலத்தன்மை சீக்கிரம் ஏறும். மீன் கழிவு சேரச் சேர பிஎச் அளவு 7-க்குக் கீழே இறங்கினால் ஓடு வளராததோடு, இருக்கிற ஓடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பிக்கும். சுருளின் நுனியில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதுதான் முதல் அறிகுறி.

வாளியில் வெள்ளையாகப் படிகிறது, ஷவர் துளை அடைக்கிறது என்று நாம் தினமும் திட்டும் போர் தண்ணீர் இருக்கிறதே, நத்தைக்கு அது எவ்வளவோ மேல். அந்த வெள்ளைப் படிவத்தில் பெரும்பங்கு கால்சியம்தான். கப்பி, மோலி மாதிரி மீன்களுக்கும் இந்தக் கடினத் தண்ணீர் ஒத்துப்போகும். நாக்கில் வைத்தால் கரிக்கும் அளவுக்கு உப்பாக இருந்தால் மட்டும் மெட்ரோ வாட்டர் கலந்துகொள்ளுங்கள்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தாலே பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து விடலாம்.

கேன் தண்ணீர்தான் வழி என்பவர்களுக்கு ஒரு யோசனை: நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேளுங்கள். பெயர்தான் நுரை. உண்மையில் அது கணவாயின் ஓடு, கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். காதல் பறவைக் கூண்டில் கிளிகள் கொத்துவதற்குச் செருகி வைப்பார்களே, அதேதான். ஒரு துண்டைக் கழுவித் தொட்டியில் போட்டால் மெதுவாகக் கரையும். ஒன்றைக் கவனியுங்கள்: டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் கால்சியம் எவ்வளவு என்று காட்டாது. அந்த எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

எந்த நத்தை வாங்குவது?

பாசிக்காக மட்டும் என்றால் நெரைட் நத்தை. வரிக்குதிரை மாதிரி கோடு போட்டது, கொம்பு வைத்தது என்று பல வகை உண்டு. கண்ணாடியில் படியும் பழுப்புப் பாசி, மெல்லிய பச்சைப் பாசி இரண்டையும் நன்றாகச் சுரண்டித் தின்னும், செடியைக் கடிக்காது. நூல் நூலாகத் தொங்கும் பாசி, கறுப்புத் தாடிப் பாசி இவற்றை மட்டும் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

நெரைட்டின் பெரிய வசதி, அது நன்னீரில் பெருகாது. அதன் குஞ்சுகள் வளர உப்புநீர் வேண்டும். ஆனாலும் முட்டை மட்டும் இடும்: கல், மரக்கட்டை, வடிகட்டி என எங்கும் வெள்ளை எள் ஒட்டிய மாதிரி இருக்கும். லேசில் சுரண்டவும் வராது. தொட்டியின் அழகுதான் முக்கியம் என்பவர்களுக்கு இது பெரிய எரிச்சல்.

மஞ்சள், நீலம் என்று கண்ணைக் கவரும் பெரிய மிஸ்டரி நத்தை, ஆப்பிள் நத்தைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாசியைவிட மிச்ச உணவில்தான் அதற்கு ஆர்வம். அளவுக்கேற்ற கழிவும் போடும், சின்னத் தொட்டிக்கு அது சுமைதான். நீர்மட்டத்துக்கு மேலே இளஞ்சிவப்பாகக் கொத்து முட்டை இடும். வேண்டாம் என்றால் பொரிக்கும் முன்பே வழித்து எடுத்துவிடலாம்.

ராம்ஸ்ஹார்ன், குளத்து நத்தை வகைகளை நீங்கள் வாங்கவே வேண்டாம். புதிதாக வாங்கும் செடியின் இலைக்கு அடியில் ஜெல்லி மாதிரி முட்டையாக அவையே வந்து சேரும்.

எத்தனை விடலாம்?

ஒரு அடி நீளம், அகலம், உயரம் உள்ள தொட்டியில் சுமார் 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதற்கு ஒரு நெரைட் போதும், பாசி அதிகம் என்றால் இரண்டு. அதற்கு மேல் விட்டால் பாசி தீர்ந்து பட்டினிதான். புதுத் தொட்டியில் பாசியே இருக்காது என்பதால் முதல் 2 மாதத்துக்கு நத்தை வேண்டாம். நத்தை மீன் கழிவைத் தின்னும் என்று நினைப்பதும் தவறு. அது தின்னாது, தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றும் வேலை உங்களுக்குத்தான்.

தொட்டிக்கு மூடி அவசியம். நெரைட் இரவில் சுவரேறி வெளியே விழுந்துவிடும். தொட்டிக்குள்ளேயே மல்லாந்து கிடந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள், எல்லா நேரமும் தானாகப் புரண்டு எழாது.

எந்த மீனோடு சேரும்?

கப்பி, மோலி, பிளாட்டி, டெட்ரா பிரச்சினை இல்லை. ஃபைட்டர் மீன், நத்தையின் மீசை போன்ற உணர்கொம்பைக் கொத்தும். சில ஃபைட்டர்கள் கண்டுகொள்ளாது, விட்டுப் பார்த்தால்தான் தெரியும். கோல்டு ஃபிஷ்ஷும் சும்மா இருக்காது. ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கர், பஃபர் இருக்கும் தொட்டியில் நத்தை விட்டால் அது தீனி போட்ட மாதிரி.

மீனுக்கு நோய் வந்து மருந்து விடும்போதும் லேபிளைப் படியுங்கள். தாமிரம், அதாவது காப்பர் கலந்த மருந்து நத்தைக்கு விஷம். மயில்துத்தமும் காப்பர் சல்பேட்தான்.

குட்டி நத்தைகள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டதா?

மீனுக்குத் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். 2 நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். இரவில் ஒரு துண்டு வெள்ளரிக்காயைத் தொட்டியின் அடியில் வைத்தால் காலையில் நத்தைகள் அதில் மொய்த்திருக்கும், அப்படியே எடுத்துவிடலாம். விளக்கை 6 முதல் 8 மணி நேரத்தோடு அணைத்து, ஜன்னல் வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றினால் பாசியே பாதி குறையும். சொல்லப்போனால் நத்தை வாங்கும் முன்பே செய்ய வேண்டியது இதுதான்.

வேண்டாத நத்தையை ஏரியில் விடலாமா?

கூடவே கூடாது. கொல்ல மனசு வராமல் அம்பத்தூர் ஏரியிலோ கொரட்டூர் ஏரியிலோ கொண்டுபோய் விடுவது புண்ணியம் மாதிரி தெரியும். 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் சக்கர் மீனின் கதையைப் பாருங்கள். தென் அமெரிக்க மீன் அது. ஒரு அடிக்கு மேல் வளர்ந்ததும் தொட்டியில் வைக்க முடியாமல் ஆட்கள் வெளியே விட, இன்று தமிழ்நாட்டின் ஏரி, குளங்களில் வலையில் சிக்கி மீனவர்களுக்குத் தலைவலியாகிவிட்டது.

நத்தையிலும் இதே அனுபவம் உண்டு. உணவுக்காக 1980 வாக்கில் தைவானுக்குக் கொண்டுவரப்பட்ட தங்க ஆப்பிள் நத்தை, வெளியே பரவித் தென்கிழக்கு ஆசியாவின் நெல் வயல்களை நாசமாக்கியது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. கடையில் விற்கும் மிஸ்டரி நத்தை வேறு இனம்தான் என்றாலும், சின்ன வயதில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், எண்ணூர் கழிமுகத்தில் அடியெல்லாம் படர்ந்து இறால் பிடிப்பவர்களின் பிழைப்பைக் கெடுக்கும் 'காக்கா ஆழி' சிப்பியும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான்.

வேண்டாத நத்தையைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வேறு யாராவது வளர்ப்பவரிடம் கொடுங்கள். முட்டை, குட்டிகள் என்றால் கவரில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் குப்பையில் போடலாம். தொட்டியைக் கழுவும் தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றாமல் மாடித் தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றுங்கள், அதில் இருக்கும் நைட்ரேட் அவற்றுக்கு உரம். மீனுக்கு மருந்தோ உப்போ போட்ட தண்ணீர் மட்டும் செடிக்கு வேண்டாம்.