கோப்பினுள் வெற்றிடம்

நூறு பக்கப் பேரேடு ஒன்றில் முதற் பக்கத்திலும் இறுதிப் பக்கத்திலும் மட்டுமே கணக்கு எழுதப்பட்டுள்ளது என்று கொள்வோம். இடைப்பட்ட தாள்களைத் தைக்காமல், 'ஈண்டு ஒன்றுமில்லை' என்னும் குறிப்பை மட்டும் வைத்துக் கட்டினால் தாள் மிஞ்சும். பக்க எண்ணும் பிறழாது. கணினிக் கோப்புகளில் இம்முறையைக் கையாண்டது, அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ஆம் ஆண்டில் உருப்பெறத் தொடங்கிய யூனிக்ஸ். கோப்பின் முடிவைக் கடந்து சென்று எழுதினால் இடையில் ஒரு 'துளை' உண்டாகும் என்றும், அது வட்டில் இடம் கொள்ளாது என்றும், படிக்கும்போது சுழியங்களாகத் தோன்றும் என்றும் 1979-இல் வந்த அதன் ஏழாம் பதிப்பின் கையேடு விளக்கியது.

இந்நயம் எல்லாக் கோப்பு முறைகளுக்கும் பொதுவன்று. எம்.எஸ். டாஸின் 'ஃபேட்' முறைக்குத் துளை என்பதே தெரியாது. இடைவெளி முழுதும் வட்டில் ஒதுக்கப்படும். அங்கே சுழியந்தான் இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. அழித்த பழைய கோப்பின் எச்சம் கிடந்தாலும் கிடக்கும்! விண்டோஸ் 2000 துளைக்கு இடமளித்தது. ஆனால் நிரலே முன்வந்து கேட்டல் வேண்டும். ஆப்பிளின் பழைய முறையில் இல்லாத இவ்வசதி, 2017-இல் பரவிய புதிய முறையில் வந்து சேர்ந்தது. ஆகவே ஓரிடத்தில் சிறுகோப்பை ஆக்கும் அதே நிரல், மற்றோரிடத்தில் வட்டையே நிரப்பிவிடக் கூடும்.

படியெடுக்கும்போதே இடர் முற்றுகிறது. சுழியத்தைப் படித்துச் சுழியத்தையே எழுதும் நிரல், துளைகளைத் தூர்த்துவிடும். எனவே, 'அடுத்த துளை எங்கே?' என்று கோப்பு முறையையே வினவும் வழியைச் சொலாரிஸ் வகுத்தது. லினக்ஸ் 2011-இல் அதனை ஏற்றது. 2021-இல் வந்த குனு படியெடுப்பு நிரலும் அவ்விடையை நம்பியே இயங்கலாயிற்று.

நம்பிக்கை 2023-இல் பழுதுபட்டது. ஓப்பன் இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறை, எழுதப்பட்டு இன்னும் வட்டைச் சேராத பகுதியை அரிதாகத் 'துளை' என்று கூறிவிட்டது. படியில் செய்தி இருக்க வேண்டிய இடத்தில் சுழியங்கள் நின்றன. பிழைச் செய்தி ஒன்றும் எழவில்லை. முதலில் புதிய வசதியொன்றின் மேல் ஐயம் விழுந்தது. குறையோ முந்தைய பதிப்புகளிலேயே உறைந்து கிடந்தது! அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் திருத்தம் வெளியாயிற்று.

துளையைச் செய்தி என்று சொன்னால் இடந்தான் வீணாகும். செய்தியைத் துளை என்றால் பொருளே அழியும். இவ்வினவல் 2024-இல் பாசிக்ஸ் பொதுநெறியில் இடம் பெற்றபோதும், துளையறியாத கோப்பு முறை 'முழுதும் செய்தியே' என விடையளிக்க அந்நெறி இசைவளித்துள்ளது.