திரையில் நட்ட கற்கள்

தமிழ்த் திரையின் முதல் பெரும் நட்சத்திரமான எம்.கே. தியாகராஜ பாகவதர் 1959 நவம்பர் 1 அன்று மறைந்தார். அவர் நடித்த 'சிவகாமி' அடுத்த ஆண்டில்தான் திரைக்கு வந்தது. அதற்கு ஈராண்டு முன்னர், 1957 ஆகஸ்ட் 30 அன்று, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் மறைந்திருந்தார். அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெளியான 'அம்பிகாபதி'யில் மக்கள் அவரைக் கண்டனர். இலட்சுமிகாந்தன் கொலைவழக்கில் ஒன்றாகச் சிறை சென்று 1947இல் ஒன்றாக விடுதலையான இருவருக்கும், மறைந்தபின் திரையில் தோன்றுவதும் பொதுவிதியாக அமைந்தது. 1937இல் வந்த முந்தைய 'அம்பிகாபதி'யின் நாயகர் பாகவதர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஒரு நடிகர் மறைந்தபின் அவரது படம் முதன்முறையாக வெளியாவதில் தனித்து நோக்குவதற்கு என்ன இருக்கிறது? வேடசந்தூர் போன்ற ஊரிலிருந்து எழுதும் நமக்கு இக்கேள்வி இயல்பாகவே எழுகிறது. திண்டுக்கல்லில் ஓடித் தேய்ந்த பிரதிகள் நாள் பல கழித்தே குடகனாற்றுப் பக்கத்துச் சிற்றூர்களின் டூரிங் டாக்கீசுகளுக்கு வந்து சேர்ந்தன. அங்கே மணல் குவித்து அமர்ந்திருந்தவர்களுக்குத் திரையில் பாடியவர் உயிரோடிருக்கிறாரா என்பது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. எம்.ஜி.ஆர். படங்கள் அவர் மறைவுக்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் அக்கொட்டகைகளில் ஓடின.

எனினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பழைய படத்தை மீண்டும் பார்ப்பது நினைவுகூர்தல். மறைந்தவரின் புதிய படமோ அவர் இதுவரை நம்மிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. தாம் சொன்னது எவ்வாறு ஏற்கப்பட்டது என்பதை அவர் அறியவே போவதில்லை. பாகவதர் செய்தியில் இத்துயரம் இரட்டிப்பானது. 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. சிறை மீண்டபின் வந்த 'ராஜமுக்தி', 'அமரகவி', 'சியாமளா', 'புதுவாழ்வு' ஆகியவற்றுள் எதுவும் அந்தப் பழைய வெற்றியை மீட்டுத் தரவில்லை. 'சிவகாமி' வந்தபோது மக்கள் மனத்தில் அவருடைய நட்சத்திர வாழ்வு முன்பே முடிந்திருந்தது.

பார்ப்பவரின் அறிவு படத்தின் பொருளையே மாற்றிவிடுவதும் உண்டு. 'பசி' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்ற ஷோபா, 1980 மே 1 அன்று தம் பதினேழாம் வயதில் மறைந்தார். பாலுமகேந்திராவின் 'மூடுபனி' அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது. இளையராஜாவின் நூறாவது படம் என்று பேசப்படும் அது, மனநோயுற்ற கொலைகாரன் ஒருவனிடம் சிக்கிக்கொள்ளும் இளம்பெண்ணின் கதை. கதையில் அவள் பிழைப்பாளா என்று பதறவேண்டிய பார்வையாளர், அவளாக நடித்தவர் இல்லை என்பதை அறிந்தே அரங்கில் அமர்ந்தனர். இயக்குநர் திட்டமிடாத வேறொரு படம் அந்தப் படத்தின்மேல் படிந்துவிட்டது. ஆயினும் அதிலுள்ள ஒவ்வோர் அசைவும் ஷோபா தாமே நடித்துத் தந்தது. இதனை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

எம்.ஜி.ஆர். செய்தி இதனின் வேறானது. ஸ்ரீதர் இயக்கத்தில் அவர் நடிக்கத் தொடங்கிய 'அண்ணா நீ என் தெய்வம்' முடிவுறாமல் நின்றது. 1977 ஜூன் 30 அன்று முதலமைச்சராகப் பதவியேற்ற அவர் மீண்டும் படப்பிடிப்புத் தளத்துக்குத் திரும்பவில்லை. 1987 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்தபின், எஞ்சியிருந்த அக்காட்சிகளைச் சுற்றிப் புதிய கதையொன்றைப் பின்னி, 1990இல் 'அவசர போலீஸ் 100' என்னும் படமாக்கினார் கே. பாக்யராஜ். ஏறத்தாழ இதே காலத்தில் ஹாலிவுட்டும் ஹாங்காங்கும் இவ்வழியை அறிந்திருந்தன. 1973இல் மறைந்த புரூஸ் லீ விட்டுச்சென்ற காட்சிகளோடு மாற்று நடிகர்களைச் சேர்த்து 1978இல் 'கேம் ஆஃப் டெத்' வெளியிடப்பட்டது. அவருடைய உண்மையான இறுதிச் சடங்குக் காட்சிகளும் அக்கதைக்குள் சேர்க்கப்பட்டன. அதனோடு ஒப்பிட்டால் பாக்யராஜ் செய்தது மதிப்பான செயல் என்றே தோன்றுகிறது. எனினும் ஒரு காட்சியில் எம்.ஜி.ஆர். கொண்ட சினமும் சிரிப்பும் வேறொரு கதைக்காக அவர் நடித்தவை. அசைவு அவருடையது, அதன் பொருள் பிறர் தந்தது.

அண்மைக் காலத்தில் மூன்றாவது நிலைக்கு வந்திருக்கிறோம். 2014இல் வந்த 'கோச்சடையான்', ஐந்தாண்டு முன்னர் மறைந்த நாகேஷின் உருவத்தைக் கணினியால் உருவாக்கியது. 2024இல் 'லால் சலாம்' படப் பாடலொன்றில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் மீட்டுருவாக்கப்பட்டன. குடும்பத்தாரின் ஒப்புதல் பெற்று உரிய ஊதியமும் வழங்கியே இதனைச் செய்ததாக ஏ.ஆர். ரகுமான் தெரிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'கோட்' படத்தில் விஜயகாந்தின் முகமும் பவதாரிணியின் குரலும் இவ்வாறே இடம்பெற்றன. இவற்றில் அசைவும் அவர்களுடையதன்று. பாடாத பாட்டைப் பாடுகிறார்கள். நடிக்காத காட்சியில் நிற்கிறார்கள்.

இங்கே நம் பழைய மரபொன்று நினைவுக்கு வருகிறது. போரில் பட்ட வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளாக வகுக்கிறது. நம் மாவட்டத்தை அடுத்த தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழ்-பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனின் பெயரைச் சொல்கிறது. யார் இறந்தான், எதன்பொருட்டு இறந்தான் என்பதோடு கல் நின்றுவிடுகிறது. அக்கல்லுக்குப் பூச்சூட்டினர், கள் படைத்தனர். அவன் செய்யாத போரொன்றை அவன் பெயரில் யாரும் எழுதிச் சேர்க்கவில்லை. 'சிவகாமி'யும் 'மூடுபனி'யும் இந்தப் பொருளில் நடுகற்களே. அவர்கள் இறுதியாகச் செய்ததை அவை காட்டுகின்றன. அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

சட்டம் இதில் பெரிதும் துணைநிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஜெயலலிதாவின் வாழ்க்கையைக் கூறும் படத்துக்கு எதிராக அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிந்துவிடுகின்றன, அவை சொத்தைப்போல வாரிசுக்கு வருவன அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. வாழ்க்கை வரலாறு எழுதுவோருக்கும் நமக்கும் இத்தீர்ப்பு நன்மையே. இறந்தவரைப் பற்றிப் பேச ஒவ்வொருவரின் உறவினரிடமும் இசைவு பெறவேண்டுமெனில் வரலாறே எழுத இயலாது. ஆனால் ஒருவரைப் பற்றிப் பேசுவது ஒன்று, அவராகவே பேசுவது மற்றொன்று. இவ்வேறுபாட்டைத் தீர்ப்புகளைவிடக் கலைஞர்களின் நாணயமே காக்க வேண்டியிருக்கிறது.

குடும்பத்தார் தரும் ஒப்புதல் அன்பின்பாற்பட்டது. நாம் அதனைக் குறைகூறவில்லை. ஆனால் நடிப்பு என்பது ஒருவர் எதைச் செய்வது, எதை விடுவது என நொடிதோறும் எடுக்கும் முடிவு. அம்முடிவை மகனோ மனைவியோ அவருக்காக எடுத்துவிட முடியாது. புனித் ராஜ்குமார் மறைந்தபின் 2022இல் வந்த 'ஜேம்ஸ்' என்னும் கன்னடப் படத்தில் அவருடைய அண்ணன் சிவராஜ்குமார் குரல் கொடுத்தார். தம்பியின் உதட்டசைவில் அண்ணனின் குரல் ஒலித்தபோது எவரும் ஏமாற்றப்படவில்லை. அது யாருடைய குரல் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். அந்த அறிவே துக்கத்துக்கு உருவம் தந்தது.

எனவே நாம் வேண்டுவது எளியது. மறைந்த கலைஞர் தோன்றும் படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் எவ்வளவு நடித்தார், எஞ்சியதை யார் நடித்தார், குரல் யாருடையது, எது கணினி செய்தது என்பது தெளிவாக எழுதப்பட வேண்டும். கல்லில் எழுத்துப் பொறித்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். எழுத்தில்லாத கல்லின்முன் நிற்பவன் யாரை வணங்குகிறோம் என்று அறியாமலே வணங்கிச் செல்வான்.