பெயர் தவறிய நோய்: சுவா காவ் பிங்கின் நச்சுயிரி ஆய்வுகள்

1998ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், பேராக் மாநிலத்து ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் சிலர் கடுங்காய்ச்சலும் தலைவலியும் கண்டு மருத்துவமனைக்கு வந்தனர். விரைவிலேயே சிலர் நினைவிழந்தனர், சிலர் மாண்டனர். நோயுற்றோர் சிலருடைய குருதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. பன்றி இருந்தது, கொசு இருந்தது, மூளைக்காய்ச்சலும் இருந்தது. அந்நோய் இந்நாட்டுக்குப் புதியதும் அன்று. ஆகவே அதுவே நோயின் பெயராயிற்று. பெயர் அமைந்ததும் செயலும் அதன் வழியே அமைந்தது. கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

மொழியியல் பயின்ற ஒருவன் நச்சுயிரி ஆய்வைப் பற்றிப் பேச எழுவதற்குக் காரணம் இந்தப் பெயர்தான். ஒரு சொல் பொருளைச் சுட்டுவதோடு நிற்பதில்லை; கேட்பவர் அடுத்து எதைத் தேடவேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. அச்சொல் பிழையானபோது என்ன நேர்ந்தது, அதைத் திருத்திய ஆய்வாளர் தம் பிற்கால ஆய்வுகளை எவ்வாறு நடத்தினார் என்பதே இவ்வுரையின் பொருள்.

நம் செய்தித்தாள்கள் பெரும்பாலும் ‘கிருமி’ என்றே எழுதுகின்றன. அச்சொல் பாக்டீரியாவையும் அடக்கிக்கொள்வதால், இங்கே ‘நச்சுயிரி’ என்பதையே ஆள்கிறேன். இலத்தீன் மொழியில் ‘வைரஸ்’ என்பதற்கும் நஞ்சு என்பதே பொருள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. ஈப்போவிலோ நோயுற்றவர்கள் வளர்ந்த ஆடவர். அதிலும் பன்றிகளைக் கையால் தொட்டு வேலை செய்தவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர். அந்நோயில் பன்றி நச்சுயிரியைத் தன் உடலில் பெருக்குமே தவிர, வளர்ந்த பன்றிக்குப் பெரிதாக ஒன்றும் நேர்வதில்லை. இங்கே பன்றிகளே இருமின. தொலைவிலும் கேட்கும்படி, குரைப்பதுபோல் இருமின. பண்ணைத் தொழிலாளரில் சீனரும் இந்தியரும் நோயுற, அருகே வாழ்ந்த மலாய்க்காரர்களை அந்நோய் ஏறத்தாழத் தீண்டவே இல்லை. கொசுவோ இனம் பார்த்துக் கடிப்பதில்லை. இவற்றைக் கண்டு ஐயுற்றவர்கள் களத்திலும் ஆய்வகத்திலும் இருந்தார்கள். ஆயினும் வைத்த பெயர் உடனே மாறவில்லை.

இதற்கிடையே பன்றிகள் இடம் பெயர்ந்தன. அஞ்சிய பண்ணையாளர் கிடைத்த விலைக்கு விற்றனர். லாரிகள் தெற்கே சென்றன. கொசுவே குற்றவாளி என்றால் லாரியை எவர் மறிப்பார்? பிழைப்பெயரின் கேடு இங்கேதான் மிகுதியாக வெளிப்பட்டதென்பது என் கருத்து. நெகிரி செம்பிலானில் முதலில் சிக்காமட்டிலும், பின்னர் நாட்டின் பெரும் பன்றி வளர்ப்பு வட்டாரமாகிய புக்கிட் பெலாண்டோக்கிலும் நோய் புகுந்தது. 1999 மார்ச் மாதம் சிங்கப்பூரில், மலேசியப் பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார். மலேசியாவில் நோயுற்றோர் 265 பேர். இறந்தோர் 105 பேர்.

அக்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவ நுண்ணுயிரியல் துறைக்குப் பேராசிரியர் லாம் சாய் கிட் தலைவர். அங்கே ஆய்வு செய்துவந்த மருத்துவர் சுவா காவ் பிங், 1999 மார்ச் தொடக்கத்தில், நோயாளரின் மூளைத் தண்டுவட நீரை வேரோ உயிரணுக்களில் இட்டு வளர்த்தார். வேரோ என்பது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து ஜப்பானிய ஆய்வாளர் உருவாக்கிய உயிரணு வழி. எஸ்பெராண்டோ மொழியில் ‘பச்சைச் சிறுநீரகம்’ என்னும் தொடரைச் சுருக்கி அப்பெயரை அமைத்தார்கள். அம்மொழியில் ‘வேரோ’ என்றால் உண்மை என்றும் பொருள். சொல்லாராய்ச்சிக்காரனுக்கு இத்தகைய தற்செயல்கள் இனிப்பானவை, பொறுத்தருள்க.

நுண்நோக்கியில் சுவா கண்டது அவர் எதிர்பார்த்திருக்கக்கூடியது அன்று. உயிரணுக்கள் ஒன்றோடொன்று கரைந்து, பல உட்கருக்கள் கொண்ட பேருருக்களாகத் திரண்டிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நச்சுயிரி இவ்வாறு செய்வதில்லை; தட்டம்மையை உண்டாக்கும் நச்சுயிரிக் குடும்பத்தின் செயல் இது. ஆய்வுக்கூடத்தில் ஏதோ மாசு கலந்துவிட்டது என்று சொல்லி அத்தட்டை எறிந்துவிட்டு வேறொன்றைத் தொடங்குவது எளிது. அவர் எறியவில்லை. மாதிரிகளைத் தாமே எடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வகத்துக்குச் சென்றார். மின்னணு நுண்நோக்கி அக்குடும்ப உருவத்தையே காட்டியது. அட்லாண்டாவில் நடந்த சோதனைகளில், 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர்ப்புறத்துக் குதிரைகளிடம் வெளிப்பட்ட ஹெண்ட்ரா நச்சுயிரிக்கு இது நெருங்கிய உறவு என்பது தெளிவாயிற்று.

உண்மையான பெயர் கிடைத்தவுடன் வேலையும் மாறியது. கொசுவை விட்டுப் பன்றியைக் கவனித்தார்கள். பன்றிப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். இராணுவத்தாரும் இறங்கிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தனர். குடும்பங்கள் பல தலைமுறையாகக் கட்டிய வாழ்வு சில வாரங்களில் குழியில் போயிற்று. நோய் நின்றது.

கண்டுபிடிப்போடு புகழ் வந்தபின் ஒதுங்கியிருக்கலாம். சுவாவோ, பன்றிக்கு இது எங்கிருந்து வந்தது என்ற வினாவைப் பற்றிக்கொண்டார். பழந்தின்னி வௌவால்களின் குருதியில் எதிர்ப்பொருள் இருப்பதை மலேசியக் கால்நடை ஆய்வாளர் கண்டிருந்தனர். ஆனால் எதிர்ப்பொருள் மட்டும் போதாதென்பதை 1998 கற்பித்திருந்தது. நச்சுயிரியே கையில் கிடைக்கவேண்டும். தியோமான் தீவில் வௌவால்கள் தங்கும் மரங்களின் அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து, அவற்றில் விழும் சிறுநீர்த் துளிகளைச் சேகரித்தார்கள். வௌவால் கடித்து எறிந்த பழங்களையும் துடைத்தெடுத்தார்கள். அவ்வளவு எளிய முறைதான். அத்துளிகளிலும், பாதி தின்ற பழத்திலும் நிப்பா நச்சுயிரி உயிரோடு கிடைத்தது. அதற்குமுன் அறியப்படாத தியோமான் நச்சுயிரியும் உடன் கிடைத்தது. இவ்வௌவாலை மலாயில் ‘கெலுவாங்’ என்பர். ஜொகூரின் குளுவாங் நகரம் அப்பெயரால் அமைந்தது. பேராக் பண்ணைகளில் பன்றிக் கொட்டில்களை ஒட்டி மாமரங்கள் நின்றன என்பதை இதனோடு சேர்த்தால், வௌவாலின் எச்சில் பட்ட பழம் கொட்டிலில் விழுந்த வழி புலனாகும்.

பின்னர் மலேசிய நலத்துறையின் தேசியப் பொதுச் சுகாதார ஆய்வகத்திலும் சுவா பணியாற்றினார். 2006இல் மலாக்காவில் ஒருவருக்குக் கடும் காய்ச்சலும் மூச்சுத் தொல்லையும் வந்தன. அவருடைய மாதிரியிலிருந்து புதிய நச்சுயிரி ஒன்று பிரிக்கப்பட்டது. நோய் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன் வீட்டுக்குள் வௌவால் ஒன்று பறந்து வந்ததென்பது விசாரணையில் தெரிந்தது. அது மலாக்கா நச்சுயிரி ஆயிற்று. அதையடுத்துக் கம்பாரும் ஒரு நச்சுயிரியின் பெயராயிற்று. நிப்பா, தியோமான், மலாக்கா, கம்பார் எனத் தீபகற்பத்து ஊர்ப்பெயர்கள் உலக மருத்துவ நூல்களில் ஏறின. பின்னர் அவர் சிங்கப்பூரின் தெமாசெக் உயிரறிவியல் ஆய்வகத்திலும் பணியாற்றினார்.

‘நிப்பா’ என்னும் சொல்லைப் பற்றி ஆசிரியர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. நச்சுயிரி பிரிக்கப்பட்ட நோயாளரின் ஊர் சுங்கை நிப்பா. சுங்கை என்றால் ஆறு. நிப்பா என்பது உவர்நீர்க் கரையில் வளரும் பனையினம். நம் முன்னோர் வாழ்ந்த அத்தாப்பு வீடுகளின் கூரை அதன் ஓலையே. ஹெண்ட்ராவையும் நிப்பாவையும் இணைத்து ‘ஹெனிப்பா’ என்று இக்குடும்பக் கிளைக்குப் பெயரிட்டனர். ஓர் ஆஸ்திரேலிய நகர்ப்புறமும் ஒரு மலாய்ப் பனையும் ஒரே சொல்லில் ஒட்டிய விந்தை அது. 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் இந்நோய் தோன்றி 17 பேர் மாண்டபோது, தமிழ்நாட்டு ஏடுகள் ‘நிபா’ என்று எழுதின. தமிழில் உயிர்களுக்கு இடைப்பட்ட தனிப் பகரம் ஒலிப்புடையதாக மெலியும். ‘கபம்’, ‘கப்பம்’ என்னும் சொற்களை ஒலித்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். மலாய் ஒலியைக் காப்பது ‘நிப்பா’ என்னும் இரட்டித்த வடிவமே. மாணவர் கட்டுரைகளில் நாம் அதையே ஏற்கலாம். கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் இரண்டாமவர் நோயுற்றபோதே மருத்துவர்கள் நிப்பாவை ஐயுற்றுச் சோதித்தனர். பேராக்கில் ஐந்து மாதம் ஆனது அங்கே சில நாள்களில் முடிந்தது. தேடுவதற்கு ஒரு பெயர் அவர்களிடம் இருந்தது.

2015இல் உலகச் சுகாதார நிறுவனம், புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயரோ மக்கட்பெயரோ விலங்கின் பெயரோ இடவேண்டாம் என்று நெறி வகுத்தது. பெயரால் ஊருக்கு இழுக்கு வரும் என்பதே காரணம். சுங்கை நிப்பாவுக்கு அந்நெறி காலம் கடந்து வந்தது. அவ்வூரில் இப்போது அந்நாள்களை நினைவூட்டும் சிறு காட்சியகம் ஒன்று, அதே பெயரைத் தாங்கி நிற்கிறது.