புல்லுருவி அல்லாத புல்லுருவி: கோரமண்டல் கரையின் வாண்டா

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் ஆர்க்கிட் என்றால் ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ போய் வாங்கி வந்து, சித்திரை வெயிலில் சாகக்கொடுக்கிற செடி என்றுதான் எண்ணம். ஆனால் இந்தக் கரையிலேயே மாமரக் கவட்டிலும் கோயில்காட்டு மரங்களிலும் தானாக வளரும் ஆர்க்கிட் ஒன்று உண்டு. தாவரவியலில் அதன் பெயர் வாண்டா டெசலேட்டா. தோப்புக்காரர் பலருக்கு அது புல்லுருவி. கண்ணில் பட்டால் பிய்த்து எறிந்துவிடுவார்கள். இந்தத் தவறு எவ்வளவு பழையது என்பதைச் செடியின் பெயரே காட்டிக்கொடுக்கிறது.

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1768ல் டேனிஷ் மிஷன் மருத்துவராக அங்கே வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக், தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர். பின்னால் ஆற்காடு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் வேலை பார்த்து 1785ல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் சிலவற்றை ஸ்வீடன் தாவரவியலாளர் ரெட்சியஸ் 1791ல் அச்சேற்றினார். நம் முட்புதர்களின் அடியில் தரையில் முளைக்கும் யூலோபியா எபிடென்ட்ரியா என்ற ஆர்க்கிட் அறிவியலுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

வாண்டாவுக்கு அந்த வாய்ப்பைத் தந்தவர் கோனிக்கின் நண்பர் வில்லியம் ராக்ஸ்பரோ. 1795ல் லண்டனில் வெளிவரத் தொடங்கிய ‘கோரமண்டல் கரையின் தாவரங்கள்’ நூலில் அதை எபிடென்ட்ரம் டெசலேட்டம் என்று பதிந்தார். மரத்தில் தொற்றும் ஆர்க்கிட்டையெல்லாம் எபிடென்ட்ரம் என்ற ஒரே கூடையில் போட்ட காலம் அது. டெசலேட்டம் என்றால் கட்டம் போட்டது; மஞ்சள் பச்சை இதழில் ஓடும் பழுப்புக் கோடுகள் அந்தப் பெயரைத் தந்தன. அவருக்காகச் செடிகளை வரைந்த இந்திய ஓவியர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்கு எட்டவில்லை.

அதே 1795ல் கல்கத்தாவின் ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ ஏட்டில் கீழைமொழி அறிஞர் வில்லியம் ஜோன்ஸின் ‘வாண்டா’ என்ற சொல் அச்சானது. 1820ல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் அதையே பேரினப் பெயராக்கினார். 1830ல் இன்றைய பெயர் அச்சில் வந்தது. அந்தச் சொல்லின் வேர் சமஸ்கிருதத்து வந்தாகம். மரத்தின் மேல் வளர்வதையெல்லாம், புல்லுருவி உட்பட, குறிக்கும் பொதுச்சொல் அது. ஆக, நம் தோப்புக்காரர் செய்யும் பிழையைத்தான் லத்தீன் பெயரும் சுமந்துகொண்டிருக்கிறது! மலையாளத்து ‘மரவாழை’ இதைவிட நேர்மையான பெயர்.

வங்காள வைத்தியர்கள் இதன் வேரை ராஸ்னா என்று மருந்தில் சேர்த்தார்கள். தெற்கே ராஸ்னா என்றால் அரத்தை. நாட்டுமருந்துக் கடைக்காரர் தேடாத செடியைத் தோப்புக்காரர் மட்டும் எதற்கு விட்டுவைப்பார்? இங்கே இது மதிப்பிழந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கிட்டே போய்ப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். புல்லுருவி கிளைக்குள் வேரைச் செலுத்தி மரத்தின் சாற்றை உறிஞ்சும். வாண்டாவின் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்வதோடு சரி. பென்சில் கனத்தில், வெள்ளி பூசியதுபோல் இருக்கும் அந்த வேரில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் நொடியில் பச்சையாக மாறும். மேலுறையான பஞ்சுத் திசு நீரைக் குடித்ததும் உள்ளே இருக்கும் பச்சையம் தெரிகிறது. தண்ணீர் எப்போது ஊற்றுவது என்பதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது: வேர் வெளுத்தால் ஊற்று, பச்சையாக இருந்தால் விடு.

இந்த வேருக்குக் காற்றும் வேண்டும் என்பதை அறிய இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் செடிகளைப் பலிகொடுத்தார்கள். வெப்பநாட்டுச் செடி என்றால் புழுக்கம்தான் வேண்டும் என்று நம்பி, மூடிய கண்ணாடி அறைகளில் நீராவிக்குள் அடைத்தார்கள். 1830களில் சாட்ஸ்வொர்த்தில் ஜோசப் பாக்ஸ்டன் காற்றோட்டம் கொடுத்து வளர்த்த பிறகுதான் நிலைமை மாறியது. விதையிலிருந்து வளர்ப்பது இன்னொரு புதிராக இருந்தது. தூளைப்போன்ற ஆர்க்கிட் விதை முளைக்கப் பூஞ்சையின் துணை வேண்டும் என்று 1899ல் நோயல் பெர்னார் கண்டார். பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை ஊடகம் போதும் என்று 1922ல் நட்சன் காட்டினார். இன்று நர்சரியில் கிடைக்கும் குட்டிச் செடிகள் அந்த வழியில் வந்தவை. காட்டுச் செடியைப் பெயர்த்து வராமல் அப்படிப்பட்ட ஒன்றை வாங்குவதே முறை.

2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூர் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மரம் சாய்ந்தால் அதன்மேல் இருப்பதற்கும் இடமில்லை. வாண்டாவை மீண்டும் மரத்தில் ஏற்ற நினைப்பவர் சொரசொரப்பான பட்டையுள்ள மாமரத்தைத் தேர்ந்து, காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேல் வைக்கலாம். மரம் இல்லாத வீட்டில் மரச்சட்டக் கூடையும் கொஞ்சம் கரித்துண்டும் போதும். மண் மட்டும் கூடாது. கடலோர ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் வேர்நுனியைக் கருக்கும். பிடித்துவைத்த மழைநீரே நல்லது. உரத்தை நன்றாக நீர்க்கவைத்து வாரம் ஒருமுறை தெளிக்கலாம்.

செடியை மரத்தில் கட்டுவதற்கு ஆடி, ஆவணி மாலை மழைக்காலம் தோது. வேர்நுனி பச்சையாகத் துளிர்த்திருக்கும் செடியைப் பழைய வேட்டிக் கிழிசலால் கட்ட வேண்டும், கம்பி வேண்டாம். ஐப்பசி அடைமழைக்குள் புதுவேர் பட்டையைக் கவ்வத் தொடங்கும். நன்றாகக் கவ்விய பிறகு துணியை அறுத்துவிடலாம்.