விடியற்காலை நாலு மணிக்கு

எழுத்தாளர்களைப் பற்றி வாசகர்களிடையே ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒருவன் எழுதியதை இன்னொருவன் படிக்க மாட்டான். படித்தாலும் பாராட்ட மாட்டான். தப்பித் தவறிப் பாராட்டிவிட்டால் அதில் ஏதோ காரியம் இருக்கிறது. இது முழுப் பொய் என்று நான் சாதிக்கப் போவதில்லை. ஆனால் இதைக் கேட்கும்போதெல்லாம், 1845-ம் வருஷம் ருஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரில் நடந்த ஒரு சம்பவம் என் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

ராணுவ இஞ்சினியர் உத்தியோகத்தை முந்தின வருஷந்தான் உதறிவிட்டு, இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் தம் முதல் நாவலை எழுதி முடித்திருந்தார். எழுதுவதும் அடிப்பதும் மறுபடி எழுதுவதுமாகப் பல மாதங்கள் போயிருந்தன. நாவலின் பெயர் 'ஏழை ஜனங்கள்'. இளைஞரின் பெயர் டாஸ்டாயெவ்ஸ்கி. அவரோடு ஒரே ஜாகையில் இருந்த கிரிகொரோவிச் பள்ளித் தோழர். அவருக்கும் எழுத்தாளராக வேண்டும் என்றுதான் ஆசை. நண்பர் படிக்கக் கேட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைப்பிரதியை எடுத்துக்கொண்டு கவிஞர் நெக்ரஸாவிடம் ஓடினார்.

நெக்ரஸாவுக்கும் அப்போது அதே வயதுதான். தகப்பனார் பண உதவியை நிறுத்திவிட்டதால் அந்த ஊரிலேயே பட்டினி கிடந்து மேலே வந்தவர். ஒரு தொகுப்பு வெளியிடுவதற்காக விஷயம் சேகரித்துக்கொண்டிருந்தார். பத்துப் பக்கம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தார்கள். பிறகு இன்னும் பத்து. ஒருவருக்குத் தொண்டை வறண்டால் மற்றவர் வாங்கிப் படித்தார். இறந்துபோன மகனின் சவப்பெட்டிக்குப் பின்னால் கிழத் தகப்பன் ஓடும் கட்டம் அதில் ஒன்று உண்டு. அதைப் படிக்கும்போது நெக்ரஸாவின் குரல் தழுதழுத்துவிட்டது. கடைசிப் பக்கம் முடிந்தபோது இரவும் முடிந்துவிட்டது. உடனே டாஸ்டாயெவ்ஸ்கியைப் பார்த்தாக வேண்டும்! தூங்குவானே என்ற யோசனை வந்ததாம். தூங்கினால் எழுப்பிவிடுவோம், இது தூக்கத்தைவிடப் பெரிய விஷயம் என்று கிளம்பிவிட்டார்கள்.

டாஸ்டாயெவ்ஸ்கி தூங்கவில்லை. அவரும் ஒரு சிநேகிதர் வீட்டில் இரவெல்லாம் கோகலைப் படித்துவிட்டு நாலு மணிக்குத்தான் திரும்பியிருந்தார். கோடையில் அந்த ஊரில் இரவு சரியாக இருட்டுவதில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசல் மணி அடித்தது. இருவரும் பாய்ந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். கண்ணில் நீர் வராத குறைதான்.

நம்மில் எத்தனை பேர் இதைச் செய்வோம்? நான் என்றால் காலையில் காப்பி சாப்பிட்டுவிட்டு, "நன்றாயிருக்கிறது, நடுவில் சற்று நீளம்" என்று ஒரு கார்டு போட்டிருப்பேன்.

அன்றே நெக்ரஸாவ் கைப்பிரதியைப் பெரிய விமரிசகரான பெலின்ஸ்கியிடம் கொண்டுபோய், புதிய கோகல் ஒருவர் பிறந்துவிட்டார் என்றார். உங்களுக்குக் கோகல்கள் காளான் மாதிரியல்லவா முளைக்கிறார்கள் என்று பெலின்ஸ்கி கடிந்துகொண்டார். சாயங்காலம் நெக்ரஸாவ் மறுபடி போனபோது, அந்த ஆளை உடனே அழைத்து வாருங்கள் என்று அவரே பரபரத்தார். 1846 ஜனவரியில் நெக்ரஸாவின் தொகுப்பில் நாவல் வெளியாயிற்று.

இதோடு கதையை நிறுத்தினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையாக இராது. இரண்டாவது நூல் 'இரட்டையன்' வந்ததும் பெலின்ஸ்கியின் உற்சாகம் வடிந்தது. புகழ் இளைஞரின் தலைக்கேறியிருந்தது. நெக்ரஸாவும் துர்கனேவும் சேர்ந்து அவரைக் கேலி செய்து பாட்டே கட்டினார்கள். நட்பு முறிந்தது. 1848-ல் பெலின்ஸ்கி காலமானார். மறு வருஷம் டாஸ்டாயெவ்ஸ்கி கைதானார். சாட்டப்பட்ட குற்றங்களில் முக்கியமானது, பெலின்ஸ்கி கோகலுக்கு எழுதிய கடிதத்தைக் கூட்டத்தில் உரக்கப் படித்தது! மரண தண்டனை கடைசி நிமிஷத்தில் மாறி, நாலு வருஷம் ஸைபீரியாவில் விலங்கோடு கழிந்தது. பெலின்ஸ்கி தம்மைப் பாராட்டிய அந்த நாளைச் சிறையில் நினைத்து நினைத்துத் தைரியம் பெற்றதாக அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

திரும்பி வந்த பிறகு நெக்ரஸாவும் அவரும் எதிரெதிர் முகாம்களில் இருந்தார்கள். அப்படியிருந்தும் 1874-ல் நெக்ரஸாவ் அவர் வீடு தேடி வந்து, தம் பத்திரிகைக்கு ஒரு நாவல் வேண்டும் என்று கேட்டார். அடுத்த வருஷம் அதில்தான் 'விடலைப் பையன்' தொடர்ந்து வந்தது. எனக்கென்னவோ, இருபத்து மூன்று வயதில் ஓடி வந்ததைவிட இதுதான் கடினமான காரியம் என்று தோன்றுகிறது. முதல் தடவை கட்டிக்கொள்ள உற்சாகம் போதும். கேலி செய்து பிரிந்தவரின் வாசற்படி ஏறுவதற்கு அது போதாது.

பழைய ருஷ்யக் காலண்டர்ப்படி 1877 டிஸம்பர் 27-ம் தேதி நெக்ரஸாவ் இறந்தார். கல்லறையில் டாஸ்டாயெவ்ஸ்கி பேசினார். புஷ்கினுக்கும் லெர்மாண்டவுக்கும் அடுத்த ஸ்தானம் இவருக்கு என்றார். அவர்களுக்கும் மேலே என்று கூட்டத்தில் இளைஞர்கள் கூவினார்கள். அதற்கு முன்பே, மரணச் செய்தி வந்த அன்று இரவு, அவர் வேலை எதுவும் செய்ய முடியாமல் நெக்ரஸாவின் கவிதைத் தொகுதிகள் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். புத்தகத்தைக் கீழே வைக்கும்போது காலை மணி ஆறு.